தீர விசாரிப்பதே மெய்

வாழ்விலும் தொழிலிலும் உயர ஆய்வுச் சிந்தனை



“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்னும் பழமொழியைச் சொல்லாத பாட்டியும் இல்லை. கேட்காத பேரப்பிள்ளையும் இல்லை. ஆயினும், தீர விசாரிப்பது எப்படி என்பதை நம்மில் பலருக்கு யாரும் முறையாகச் சொல்லித் தந்ததில்லை. கணக்கு கற்றோம், இலக்கணம் கற்றோம், கைத்தொழில் கற்றோம். காதில் விழும் ஒரு செய்தியை ஏற்பதா, தள்ளுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவு செய்யும் வழியை மட்டும் அவரவர் பட்டறிவுக்கே விட்டுவிட்டோம்.

இவ்வழிக்குக் கல்வியாளர்கள் ஆய்வுச் சிந்தனை என்று பெயர் தருகின்றனர். 1997ஆம் ஆண்டு அப்போதைய பிரதமர் திரு கோ சோக் டோங் ‘சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் நாடு’ என்னும் இலக்கை அறிவித்தார். அதன்பின் ஆசிரியர்களாகிய நாங்கள் பல பயிலரங்குகளுக்குச் சென்று வந்தோம். அங்கே கேட்டவற்றுள் பெரும்பகுதி, நம் முன்னோர் ‘அளவை’ என்றும் ‘தருக்கம்’ என்றும் பெயரிட்டு நூல்களில் வகுத்து வைத்தவற்றோடு ஒத்திருந்தது. அதனால்தான் இக்கட்டுரையை ஆலய மலருக்கு எழுதத் துணிந்தேன்.

“கேள்வி கேட்கத் தொடங்கினால் பக்தி குறைந்துவிடாதா?” என்று சில அன்பர்கள் எண்ணக்கூடும். பக்தி என்பது இறைவனிடம் நாம் செலுத்துவது. கைப்பேசியில் வந்து விழும் ஒவ்வொரு செய்தியிடமும், இனிக்கப் பேசும் ஒவ்வொரு மனிதரிடமும் அதே பக்தியைச் செலுத்த வேண்டும் என்று எந்தச் சமய நூலும் விதிக்கவில்லை. இறைவன் தந்த அறிவை உரிய இடத்தில் பயன்படுத்துவதும் ஒரு வழிபாடே ஆகும்.

மதுரையில் கேட்கப்படாத கேள்வி

ஆய்ந்து பாராமையால் விளைந்த கேட்டிற்குச் சிலப்பதிகாரத்தைவிடச் சிறந்த பாடம் தமிழில் இல்லை. கதை நாம் அறிந்ததே. ஆயினும் ஓர் ஆசிரியரின் கண்கொண்டு அதை மீண்டும் பார்ப்போம்.

அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கோவலன் ஒரு சிலம்பை விற்க வந்ததும், தன் பழியை அவன்மேல் சுமத்தத் திட்டமிடுகிறான். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்து செல்லும் பாண்டியனை வழியிலேயே மடக்கி, “திருடன் என் குடிலில் இருக்கிறான்” என்கிறான். அரசன் காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வருமாறு கட்டளையிடுகிறான்.

இக்கட்டளையை நன்கு கவனிக்க வேண்டும். அரசன் சான்றே கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ‘சிலம்பு அவன் கையில் இருந்தால்’ என்று ஒரு நிபந்தனை விதித்தான். சிலம்பும் கோவலன் கையில் இருந்தது. கோவலன் திருடியிருந்தாலும் அவன் கையில் ஒரு சிலம்பு இருக்கும். தன் மனைவியின் சிலம்பை விற்க வந்திருந்தாலும் அவன் கையில் ஒரு சிலம்பு இருக்கும். இரண்டு கதைகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் சான்று, எந்தக் கதையையும் மெய்ப்பிக்காது. பாண்டியன் தவறியது இந்த இடத்தில்தான்.

இரண்டையும் பிரித்துக் காட்டும் சான்று ஒன்று இருந்தது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்துப்பரல். கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கப்பரல். தன் அரண்மனைச் சிலம்பில் இருப்பது முத்து என்பது அரசனுக்குத் தெரிந்த செய்தியே. “சிலம்பின் உள்ளே இருப்பது என்ன பரல்?” என்னும் ஒரு கேள்வியைக் கொலைக்கு முன் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைத்த பிறகே சிலம்பு உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது, அரசனும் உயிர் நீத்தான். பின்னர் மதுரையே எரிந்தது.

இன்னொன்றும் உண்டு. காவலர்கள் கோவலனைப் பார்த்தவுடன், இவன் கொல்லத்தக்கவனாகத் தோன்றவில்லையே என்று ஐயுற்றார்கள். பொற்கொல்லனோ திருடர்களுக்குத் துணையாகும் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டினையும் விரித்துரைத்து அந்த ஐயத்தை அடக்கினான். காவலருள் ஓர் இளைஞன் தான் முன்பு கண்ட திருடனைப் பற்றிய கதையைச் சொன்னான். அவையெல்லாம் கேட்பதற்குச் சுவையானவை; ஆனால் கோவலனைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. பேச்சு வளர்ந்து கொண்டிருக்கையில், கல்லாத ஒருவன் வாளை ஓங்கினான். சரியான ஐயம் எழுந்தும், அதை விசாரணையாக மாற்றுவார் இல்லாமையால் அது வீணாயிற்று.

ஆய்வுச் சிந்தனையின் சாரம் முழுவதையும் இதிலிருந்தே பெறலாம். ஒரு செய்தி கிடைத்தவுடன், இதற்கு வேறு விளக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டென்றால், இரு விளக்கங்களையும் பிரித்துக் காட்டும் ‘பரல்’ எது என்று தேட வேண்டும்.

முன்னோர் வகுத்த அளவைகள்

ஒன்றை உண்மை என்று அறிவதற்கு உரிய வழிகளை நம் நூல்கள் அளவைகள் அல்லது பிரமாணங்கள் என்கின்றன. கௌதமரின் நியாய நூல் நான்கு அளவைகளைக் கூறும். நேரில் காண்பது பிரத்தியட்சம். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது அனுமானம். ஒப்புமையால் அறிவது உபமானம். தக்கார் சொல்லால் அறிவது சப்தம். சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய சிவஞான சித்தியார், தன் சுபக்கப் பகுதியின் தொடக்கத்திலேயே அளவைகளை ஆராய்ந்து, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. இறைவனைப் பற்றிப் பேசப் புகுந்த நூல், ‘அறிவது எப்படி?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதை நாம் சிந்திக்க வேண்டும்.

அனுமானத்திற்குத் தருக்க நூலார் காட்டும் எடுத்துக்காட்டு மலைமேல் தோன்றும் புகை. புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என்கிறோம். இது சரியே. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, ‘நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை இருக்கும்’ என்று சொன்னால் தவறாகிவிடும். உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை எழுவதற்கு ஈர விறகு என்னும் இன்னொரு காரணமும் சேர வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். “வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் உழைத்தவர்கள்” என்பது வேறு. “உழைத்தவர்கள் எல்லாரும் வெற்றி பெறுவார்கள்” என்பது வேறு என்று அவர்களே எடுத்துக்காட்டுச் சொல்லத் தொடங்குவார்கள்.

உரை என்னும் அளவைக்கும் நம் முன்னோர் கட்டுப்பாடு விதித்தனர். யார் சொன்னாலும் அது பிரமாணம் ஆகாது. சொல்பவர் ஆப்தராக, அதாவது நம்பத்தக்கவராக இருத்தல் வேண்டும். அவர் அப்பொருளை உள்ளபடி அறிந்தவரா? அறிந்ததை மறைக்காமலும் திரிக்காமலும் சொல்பவரா? இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அவர் சொல்லை மேலும் ஆராய வேண்டும். நல்லவர் என்பதனாலேயே ஒருவர் எல்லாம் அறிந்தவர் ஆகிவிட மாட்டார். அறிந்தவர் என்பதனாலேயே ஒருவர் நமக்கு நல்லதே சொல்வார் என்பதும் உறுதியில்லை.

சித்தியார் காட்டும் மற்றொரு பண்பும் நாம் பின்பற்றத்தக்கது. அதன் பரபக்கப் பகுதியில் அருணந்தி சிவாசாரியார், உலகாயதம் முதலான பிற கொள்கைகளை முதலில் அவரவர் நிலையில் நின்று எடுத்துரைக்கிறார். அதன் பின்னரே மறுக்கிறார். எதிர்த்தரப்பின் கருத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல முடியாதவருக்கு அதை மறுக்கும் தகுதி இன்னும் வரவில்லை என்பது இதனால் விளங்கும்.

இன்று நம் வாசலில்

பொற்கொல்லன் இன்று தொலைபேசியில் வருகிறான். 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் பறிபோன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி என்று காவல்துறை தெரிவித்தது. பதிவான சம்பவங்கள் 51,000க்கும் மேல். ஏமாந்தவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டதாரிகளும் உயர் பதவியில் இருந்தவர்களும் அவர்களுள் உண்டு.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை ஒட்டி, ஒரு வங்கியின் பெயரில் வந்த குறுஞ்செய்திகளை நம்பி ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். அச்செய்திகள், அதே வங்கி முன்பு அனுப்பிய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே வரிசையாக வந்து நின்றன. “வங்கியின் செய்திகளோடு சேர்ந்து வந்திருக்கிறதே!” என்று மக்கள் நம்பினர். கோவலன் கையில் இருந்த சிலம்பைப் போன்றதே இச்சான்றும். வங்கி அனுப்பினாலும் அங்கே வரும். வங்கியின் பெயரைப் போலியாக இட்டவன் அனுப்பினாலும் அங்கே வரும்.

அழைப்பவர் நம் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொல்வதும் இத்தகையதே. உண்மையான அதிகாரிக்கும் அது தெரியும். திருடிய பட்டியல் வைத்திருப்பவனுக்கும் அது தெரியும். அப்படியானால் இங்கே பரல் எது? தொலைபேசியை வைத்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை நாமே அழைத்துக் கேட்பது. உண்மையான அதிகாரி அதற்குக் கோபப்பட மாட்டார். மோசடிக்காரனோ “வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், உடனே செய்யுங்கள்” என்று அவசரப்படுத்துவான். பாண்டியனை வழியில் மடக்கிய அதே அவசரம்! ஐயம் எழுந்தால் 1799 என்னும் உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். நம் வீட்டு முதியவர்களின் தொலைபேசிக்கு அருகில் இவ்வெண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டி வைப்பது நலம்.

உடல்நலச் செய்திகள் இதைவிட ஆபத்தானவை. எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் பல ஆண்டுகளாக இனிப்பு நீருக்கு மாத்திரை உட்கொண்டு வந்தார். பாகற்காய்ச் சாறு குடித்து நோயை அறவே போக்கிய ஒருவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அடுத்த வீட்டு அம்மாவும் தமக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாகச் சொன்னார். மூதாட்டி மாத்திரையை நிறுத்தினார். சில மாதங்களில் காலில் புண் ஏற்பட்டு, இறுதியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வீட்டு அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சாறு குடித்த அதே மாதங்களில் சோற்றைக் குறைத்து, காலையில் நடக்கவும் தொடங்கியிருந்தார், மாத்திரையையும் நிறுத்தவில்லை. சர்க்கரையைக் குறைத்தது சாறா, நடையா, உணவா, மாத்திரையா? இதைப் பிரித்தறியும் பரல் பலதுறை மருந்தகத்து மருத்துவரிடமும் இரத்தப் பரிசோதனையிலும் இருந்தது. “சாறும் குடிக்கலாமா, டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அடுத்து, அச்சமூட்டும் செய்திகள். சாமியின் அற்புதத்தைச் சொல்லி, இதை இத்தனை பேருக்கு அனுப்பாவிட்டால் குடும்பத்துக்குத் தீங்கு வரும் என்று முடியும் துண்டறிக்கைகளை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். முன்பு அஞ்சலில் வந்தவை இப்போது கைப்பேசியில் வருகின்றன. அனுப்பியவருக்கு வந்த நன்மை மட்டுமே அதில் எழுதப்பட்டிருக்கும். அனுப்பியும் நன்மை வராதவர் எத்தனை பேர், அனுப்பாமலே நலமாக இருப்பவர் எத்தனை பேர் என்ற கணக்கு அதில் இராது. கருணைக் கடலாகிய இறைவன் இவ்வாறு மிரட்டித் தன் புகழைப் பரப்ப வேண்டியவனா என்று எண்ணிப் பார்ப்பதும் பக்தியின் பாற்பட்டதே.

நாலு நம்பர் விளையாட்டைப் பற்றியும் ஒரு சொல். விபத்துக்குள்ளான வண்டியின் எண்ணையும் கனவில் கண்ட எண்ணையும் எழுதுவோர் நம்மிடையே உண்டு. 0000 முதல் 9999 வரை எண்கள் 10,000. ஒரு குலுக்கலில் பரிசுக்குரிய எண்கள் 23. வண்டி எண்ணாக இருந்தாலும் கனவு எண்ணாக இருந்தாலும் வாய்ப்பு அவ்வளவே. எழுதுவோர் ஏராளமானோர் இருப்பதால் யாரோ ஒருவருக்கு விழத்தான் செய்யும். விழுந்த கதை ஊர் முழுவதும் பரவும். விழாத கதையை யாரும் சொல்வதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

தொழிலில் உயர

பணியிடத்தில் ஆய்வுச் சிந்தனை இல்லாமை உயிர்களையே பறித்ததுண்டு. 27.3.1977 அன்று ஸ்பெயினின் கானரித் தீவுகளில் ஒன்றாகிய தெனெரிஃபில், மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. இறந்தவர்கள் 583 பேர். புறப்பாட்டுக்கு அனுமதி கிடைக்காத நிலையில் ஒரு விமானம் ஓடத் தொடங்கியது. அதில் இருந்த பொறியாளருக்கு, எதிர் விமானம் பாதையை விட்டு நீங்கிவிட்டதா என்று ஐயம் எழுந்தது. அவர் கேட்கவும் செய்தார். தலைமை விமானியோ மிகுந்த அனுபவம் வாய்ந்தவர். மற்ற விமானிகளுக்குப் பயிற்சி அளித்தவர். நீங்கிவிட்டது என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கோவலனைக் கண்டு ஐயுற்ற காவலரின் நிலையும் இதுவே அன்றோ? அதன் பிறகே, இளையவர் தயங்காமல் ஐயத்தைச் சொல்லவும் மூத்தவர் அதைச் செவிமடுக்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி அளிக்கும் வழக்கம் வளர்ந்தது.

மூத்தோரை மதித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது சற்றுக் கடினமானது. மேலதிகாரி தவறான தொகையைச் சொன்னாலும் “சரி சார்” என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். மரியாதை குறையாமல் ஐயத்தைச் சொல்லும் வழிகளை அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். “சார், நான் பார்த்த கணக்கில் வேறு தொகை வருகிறது, இரண்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்பதில் பணிவும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. இவ்வாறு கேட்கத் தெரிந்த ஊழியரிடம்தான் அடுத்த பொறுப்பை நம்பி ஒப்படைப்பார்கள்.

குழுவாகச் செயல்படுவோருக்கும் இது பொருந்தும். ஓர் ஆண்டு, எங்கள் வார இறுதிச் சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகள் குறைந்துவிட்டனர் என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் எழுந்தது. “இக்காலப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை” என்றார் ஒருவர். “பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்றார் மற்றொருவர். அப்போது குழுவில் இருந்த ஓர் இளைஞர், “ஐயா, வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பேசலாமா?” என்று கேட்டார். பக்திக் குறைவுதான் காரணம் என்றால் எல்லா வகுப்பிலும் ஆண்டு முழுவதும் வருகை குறைந்திருக்க வேண்டும். பதிவேடு வேறொன்றைக் காட்டியது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம் வரையில்தான் வருகை சரிந்திருந்தது. அதுவும் தொடக்கநிலை 6 மாணவர்களும் அவர்களின் தம்பி தங்கைகளும்தான் வரவில்லை. அது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக் காலம். மூத்த பிள்ளைக்காகப் பெற்றோர் வீட்டிலேயே இருந்ததால் சிறியவர்களை அழைத்துவர ஆளில்லை. பக்கத்துப் புளோக்குகளில் இருந்த தொண்டூழியர் இருவர் சிறியவர்களை அழைத்துவர முன்வந்தனர். மறு ஆண்டு அந்தச் சரிவு பெரிதும் குறைந்தது. பதிவேட்டைப் பாராமல் விட்டிருந்தால், பக்தியைப் பற்றி ஒரு சொற்பொழிவு நடத்தியதோடு நின்றிருப்போம்!

கூட்டங்களில் வாதிடும் முறையையும் நியாய நூலார் மூன்றாகப் பிரித்தனர். உண்மையை அறிவதற்காக இருவரும் சேர்ந்து பேசுவது வாதம். எப்படியும் வெல்ல வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கருத்தும் இல்லாமல் பிறர் கருத்தை உடைப்பதே நோக்கமாகப் பேசுவது விதண்டை. ‘விதண்டாவாதம்’ என்று நாம் வழங்கும் சொல் இதுவே. ஆய்வுச் சிந்தனை என்ற பெயரில் விதண்டாவாதம் செய்வோரும் உண்டு. எதையும் குறை கூறுவது அறிவாளித்தனம் என்று அவர்கள் கருதுகின்றனர். ஒரு கருத்தை மறுப்பவர் “அப்படியானால் என்ன செய்யலாம்?” என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டும்.

கொடுக்கும் கைக்கும் கண் வேண்டும்

நன்கொடையாளர்கள் இம்மலரின் வாசகர்கள் என்பதால் இதையும் சொல்வது என் கடமை. 2005ஆம் ஆண்டில், சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை அளித்துவந்த ஒரு பெரிய அறநிறுவனத்தின் விவகாரம் நம் நாட்டை உலுக்கியது. அதன் சேமநிதி ஏறத்தாழ 3 ஆண்டுகளுக்கே போதும் என்று சொல்லப்பட்டு வந்தது. 30 ஆண்டுகளுக்கும் போதுமானது என்பது நீதிமன்ற விசாரணையில் வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தங்கள் மாதாந்திர நன்கொடையை நிறுத்தினர். கொடுத்த மக்களின் மனம் நொந்தது. சிகிச்சையை நம்பியிருந்த நோயாளிகளின் மனமோ கலங்கியது. 2007ல் அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறைத் தொகுப்பு வெளியிடப்பட்டு, கண்காணிப்பும் இறுக்கப்பட்டது.

இதிலிருந்து “இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன்” என்ற முடிவுக்கு வருவது அறிவுடைமை ஆகாது. பதிவு பெற்ற அறநிறுவனங்களின் விவரங்களை அறநிறுவன ஆணையரின் இணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம். பொது இடத்தில் நன்கொடை திரட்டுவோரிடம் உரிமத்தைக் காட்டுமாறு கேட்கலாம். பணம் யாருக்குச் செல்கிறது, எவ்வளவு செல்கிறது, யார் தணிக்கை செய்கிறார்கள் என்று கேட்பது கொடையாளரின் உரிமை. ஆலயப் பொறுப்பில் இருக்கும் எங்களிடமும் அவ்வாறே கேளுங்கள். ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் உள்ள வரவு செலவுக் கணக்கைப் படியுங்கள். உருக்கமான படங்கள் உள்ளத்தைத் தொடும். கணக்கே உண்மையைச் சொல்லும். நேர்மையான நிர்வாகத்திற்குக் கேள்வி ஒரு காவல்.

இல்லத்தில் தொடங்கும் பயிற்சி

நீச்சலைப் போலவே இதுவும் செய்து செய்து வருவது. கீழ்க்காணும் ஐந்து கேள்விகளை எழுதி வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். இரவு உணவு வேளையில், அன்று வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு சேர்ந்து இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

1. இதைச் சொல்பவர் நேரில் அறிந்தவரா, கேட்டதைச் சொல்பவரா?

2. நான் இதை நம்பினால் யாருக்கு ஆதாயம்?

3. இப்போதே முடிவு செய்தாக வேண்டுமா? என்னை அவசரப்படுத்துபவர் யார்?

4. இதே நிகழ்ச்சிக்கு வேறு விளக்கம் இருக்க முடியுமா?

5. எந்த விளக்கம் சரி என்று பிரித்துக் காட்டும் பரல் எது? அதை எங்கே, யாரிடம் பார்க்கலாம்?

பிள்ளைகள் தவறாக விடை சொன்னாலும் சிரிக்காதீர்கள். “உனக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது?” என்று கேளுங்கள். அவர்கள் உங்களையே திருப்பிக் கேட்டால் கோபப்படாதீர்கள். “தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று தந்தையோ தாத்தாவோ சொல்லக் கேட்ட பிள்ளை, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் துணிவைக் கற்றுக்கொள்ளும். 

இக்கேள்விகளை முதலில் நமக்குப் பிடித்த செய்திகளிடம் கேட்க வேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது. பிடிக்காதவரைப் பற்றிய புகார் வந்தால் உடனே நம்புகிறோம். பிடித்தவரைப் பற்றி வந்தால் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். நாம் நம்ப விரும்பும் செய்தியே நம்மை எளிதில் ஏமாற்றுவது. மருமகளைப் பற்றி மாமியாரிடமும், அண்டை வீட்டாரைப் பற்றி நம்மிடமும் யாரோ சொன்ன ஒரு சொல்லால் பிரிந்த குடும்பங்கள் எத்தனை!

ஐயத்திற்கும் ஓர் எல்லை உண்டு. வள்ளுவப் பெருந்தகை ‘அறிவுடைமை’ என ஓர் அதிகாரமும், ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரமும், ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். இவற்றுள் இறுதியாகச் சொன்ன அதிகாரத்தில், ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவரைச் சந்தேகிப்பதும் ஆகிய இரண்டுமே துன்பம் தரும் என்று எச்சரிக்கிறார். ஆய்வு என்பது நம்பிக்கையில் முடிய வேண்டிய பயணம். தக்க மருத்துவரை, தக்க நண்பரை, தக்க நிறுவனத்தை ஆராய்ந்து தெரிந்துகொண்ட பின் மன அமைதியோடு நம்புவதே அதன் பயன்.

பாண்டியன் கொடியவன் அல்லன். தன் தவற்றை உணர்ந்த கணமே உயிர்விட்ட மானமுள்ள மன்னன். நல்லவர்களும் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறினால் எவ்வளவு பெரிய தீங்கு நேரும் என்பதை அவன் கதை நமக்குச் சொல்கிறது. ஆதலால் அன்பர்களே, பணம் அனுப்பும் முன், மருந்தை நிறுத்தும் முன், ஒருவரைப் பழிக்கும் முன், ஒரு நொடி நின்று, “உள்ளே இருப்பது என்ன பரல்?” என்று கேட்கப் பழகுவோம். நம் பிள்ளைகளையும் பழக்குவோம்.

எல்லாம் வல்ல இறைவன் நமக்குத் தெளிந்த அறிவையும், அவ்வறிவைப் பிறர் நலத்திற்குப் பயன்படுத்தும் நல்ல உள்ளத்தையும் அருள்வானாக. வாழ்க வளமுடன்!